களைப்பை அளந்த வைத்தியர்: ரிவர்ஸும் ஒரு கோப்பைத் தேத்தண்ணியும்

பேரட்டுக்குப் போகும் முன் ஒரு கோப்பை. மலையில் பத்து மணிக்கு ஒரு கோப்பை. கொழுந்து நிறுத்து முடித்து லயத்துக்கு இறங்கியதும் இன்னொரு கோப்பை. பசறை, மடுல்சீமை, ஹாலிஎல, ஹப்புத்தளை என்று ஊவாவின் எந்தத் தோட்டத்தில் விசாரித்தாலும் தேத்தண்ணிக்குச் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான். குடித்தால் அலுப்புத் தெரியாது.

அலுப்புத் தெரியாமல் போவது உடம்புக்குள் உண்மையிலேயே நடக்கிற காரியமா, அல்லது குடித்துவிட்டோம் என்ற நினைப்பில் வரும் தெம்பா? இந்தக் கேள்வியை முதன்முதலாகச் சரியான முறையில் கேட்டுப் பரிசோதித்தவர்களில் ஒருவர் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் என்ற ஆங்கில வைத்தியர். 1907இல் அதன் முடிவுகளை அவர் வெளியிட்டார். அதற்குப் பத்து ஆண்டுகளுக்குப் பின், போர்முனையில் பேச்சிழந்தும் நித்திரையிழந்தும் வந்த படையினருக்குச் சிகிச்சை அளித்தவரும் அவரே. போரின் உளக்காயங்கள் பற்றி வாசிப்பவர்களுக்கு அவரது பெயர் இந்த இரண்டாவது காரணத்தால்தான் தெரிந்திருக்கும். கஃபீன் ஆராய்ச்சி ஓர் அடிக்குறிப்பாகக் கடந்து போய்விடுகிறது. என் பார்வையில் இரண்டும் ஒரே கேள்வியின் இரு பக்கங்கள்.

வில்லியம் ஹால்ஸ் ரிவர்ஸ் ரிவர்ஸ் 1864 மார்ச் 12ஆம் திகதி இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பிறந்தார். குடும்பப் பெயர் இரண்டு தடவை வருவது அச்சுப் பிழை அல்ல. தந்தை ஒரு மதகுரு. திக்குவாய்க்குப் பயிற்சி அளிப்பதையும் தொழிலாகச் செய்தவர். தாய்மாமன் ஜேம்ஸ் ஹன்ட்டும் அதே துறையில் பேர்பெற்றவர். அந்த வீட்டுப் பிள்ளைக்கே திக்குவாய் இருந்தது, வாழ்நாள் முழுவதும் முற்றாக நீங்கவும் இல்லை. நாக்கும் தொண்டையும் சொன்னபடி கேட்காவிட்டால் எப்படி இருக்கும் என்பதைப் புத்தகத்துக்கு முன்பே தன் வாயால் அறிந்தவர் அவர்.

பாடசாலையின் கடைசிக் காலத்தில் வந்த நெருப்புக்காய்ச்சல் கேம்பிரிட்ஜ் புலமைப்பரிசில் வாய்ப்பைக் கெடுத்தது. இலண்டன் சென் பாத்தலோமியு வைத்தியசாலையில் படித்து 22 வயதில் வைத்தியரானார். கப்பல் வைத்தியராக ஜப்பான் வரை போய் வந்தார். 1893இலிருந்து கேம்பிரிட்ஜில் புலன்களின் உடற்றொழிலியலைக் கற்பித்தார்.

அந்த நோய்க்குப் பின் அவர் உடம்பு பலமாக இருக்கவில்லை. சீக்கிரம் களைத்துவிடுவார். பல ஆண்டுகள் ஒரு நாளில் நான்கு மணித்தியாலத்துக்கு மேல் அவர் வேலை செய்வது அரிதாக இருந்தது என்று கூட இருந்தவர்கள் பதிந்திருக்கிறார்கள். நான்கு மணித்தியாலத்துக்கு மேல் முடியாது என்று சொன்னால் ஒரு கேம்பிரிட்ஜ் விரிவுரையாளருக்கு அது உடல்வாகு. நமுனுகுலவில் கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கு அது அரைப் பேர். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

1890களில் களைப்பு ஐரோப்பாவில் ஒரு பெரிய ஆராய்ச்சிப் பொருளாக இருந்தது. தொழிற்சாலை முதலாளிகளுக்கும் படைத்தளபதிகளுக்கும் பாடசாலை அதிகாரிகளுக்கும் மனித உடம்பிலிருந்து எவ்வளவு வேலையைக் கறக்கலாம் என்று தெரியவேண்டி இருந்தது. இத்தாலியின் டூரின் நகரத்தில் அஞ்சலோ மொஸ்ஸோ அதற்கென்றே ஒரு கருவி செய்தார். முன்னங்கையை மேசையில் அசையாமல் கட்டிவிடுவார்கள். நடுவிரலில் ஒரு கயிறு, கயிற்றின் மறு முனையில் கப்பி வழியாகத் தொங்கும் எடை. தாளத்துக்கு ஏற்ப விரலை மடக்கி எடையைத் தூக்கவேண்டும். ஒவ்வொரு தூக்கலையும் ஓர் ஊசி சுழலும் உருளையில் கோடாகப் பதியும். தொடக்கத்தில் உயரமாக இருக்கும் கோடுகள் மெல்ல மெல்லக் குட்டையாகி, ஒரு கட்டத்தில் விரல் அசையவே மறுக்கும். ஒரு மனிதன் களைப்பதைக் கடதாசியில் பார்க்கலாம்.

ஜேர்மனியில் எமில் கிரேப்லின் இந்தக் கருவியைத் தேயிலையின் பக்கம் திருப்பினார். தேயிலையின் கூறுகளைத் தனித்தனியே கொடுத்து, உடல் வேலையிலும் மூளை வேலையிலும் அவை என்ன செய்கின்றன என்று அவரும் அவரது மாணவரும் பார்த்தார்கள். ரிவர்ஸ் ஹைடல்பேர்க் போய் கிரேப்லினுடன் வேலை செய்து, களைப்பும் அது நீங்குவதும் பற்றி 1896இல் எழுதினார்.

அதே காலத்தில் ஊவாவில் என்ன நடந்துகொண்டிருந்தது? 1869இல் மடுல்சீமையில் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட இலைத்துரு நோய் இலங்கையின் கோப்பியை அழித்து முடித்திருந்தது. அதே சரிவுகளில் தேயிலை ஏறியது. 1890இல் தோமஸ் லிப்டன் வந்து தம்பேதன்ன உள்ளிட்ட தோட்டங்களை வாங்கினார். கோப்பியிலும் தேயிலையிலும் இருக்கும் ஊக்கப்பொருள் ஒன்றுதான், கஃபீன். ஒரு செடி போய் இன்னொரு செடி வந்தது. மண்ணிலிருந்து கஃபீனைப் பறித்தெடுக்கும் தொழில் அப்படியே தொடர்ந்தது. அதைச் செய்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் கூட்டிவந்த மக்கள். இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளியை விழித்திருக்க வைத்த தேநீருக்காக இங்கே இன்னொரு தொழிலாளி விடியமுன் விழித்தார். இருவரில் யாருடைய களைப்பையும் அதுவரை யாரும் சரியாக அளந்திருக்கவில்லை.

ரிவர்ஸ் உடனே தேநீருக்கு வந்துவிடவில்லை. 1898இல் ஹாடன் தலைமையில் அவுஸ்திரேலியாவுக்கு வடக்கே டொரஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்ற கேம்பிரிட்ஜ் குழுவில் அவர் இருந்தார். கூடச் சென்ற சாள்ஸ் மயர்ஸ்தான் பின்னாளில் குண்டதிர்ச்சி என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொல்லை மருத்துவ சஞ்சிகையில் முதலில் எழுதியவர். இன்னொரு தோழரான செலிக்மன் மனைவி பிரெண்டாவுடன் இலங்கை வந்து, ஊவாவின் காடுகளில் வாழ்ந்த வேடர்கள் உட்பட வேடர் சமூகம் பற்றி 1911இல் பெரிய நூல் வெளியிட்டார். ரிவர்ஸ் 1901-02இல் நீலகிரி போனார். தோடர்களின் பார்வை, தொடுவுணர்வு, வலி உணர்வு எல்லாவற்றையும் சோதித்தார், குடும்ப மரபுகளைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு எழுதினார். தோடர்கள் பற்றிய அவரது நூல் 1906இல் வந்தது. பழங்குடி மக்களின் புலன்கள் வெள்ளையருடையதைவிட அடிப்படையில் வேறானவை என்று அன்று பரவலாக நம்பப்பட்டது. அவரது அளவீடுகள் அந்த நம்பிக்கைக்குத் துணை போகவில்லை.

1903இல் நடந்த ஒன்றையும் சொல்லவேண்டும். அவரது நண்பர் ஹென்றி ஹெட் ஒரு நரம்பியல் வைத்தியர். வெட்டுப்பட்ட நரம்பு எப்படித் திரும்பவும் உணர்வு பெறுகிறது என்று அறிய, தன் இடது முன்னங்கையில் உள்ள நரம்பையே சத்திரசிகிச்சை மூலம் வெட்டச் செய்தார். நான்கு ஆண்டுகளுக்கு மேலாக ரிவர்ஸ் தன் கல்லூரி அறையில் வைத்து, கண்களை மூடிய நண்பரின் கையில் ஊசியாலும் பஞ்சாலும் தொட்டுத் தொட்டுக் குறித்து வந்தார். எங்கே தொடப்போகிறார் என்று ஹெட்டுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் மனம் விடையைத் தயாரித்துவிடும்.

இதே எச்சரிக்கைதான் கஃபீன் ஆராய்ச்சியை மற்றவர்களுடையதிலிருந்து வேறாக்கியது. விரலால் எடை தூக்கும் பரிசோதனையில் ரிவர்ஸ் ஒன்றைக் கவனித்தார். இன்று மருந்து எடுத்திருக்கிறேன் என்று தெரிந்தாலே ஆளுக்கு ஆர்வம் கூடுகிறது. ஆர்வம் கூடினால் விரலும் கூடுதலாகத் தூக்குகிறது. அப்படியானால் உருளையில் பதிந்த உயரமான கோடுகள் கஃபீனின் வேலையா, ஆர்வத்தின் வேலையா? முந்திய ஆய்வுகள் பலவற்றில் இதைப் பிரித்தறிய வழியே இருக்கவில்லை.

அவர் எடுத்த வழி எளிமையானது. மருந்து கலந்த பானத்தையும் மருந்தில்லாத பானத்தையும் சுவையில் வித்தியாசம் தெரியாதபடி தயாரித்தார்கள். எந்த நாளில் எது என்று குடிப்பவருக்குத் தெரியாது. பரிசோதனைக்கு உட்பட்டவர்களில் ரிவர்ஸும் ஒருவர். அதற்காகத் தேநீர், கோப்பி, மது எல்லாவற்றையும் விட்டார். எச்.என். வெப்பர் அவருடன் வேலை செய்தார். இன்று ஒவ்வொரு புதிய மருந்தும் கடந்து வரவேண்டிய மறைப்புச் சோதனையின் ஆரம்ப வடிவங்களில் ஒன்று இப்படி ஒரு நடுவிரலில் நடந்தது.

விளைவு தெளிவாக வந்தது. கஃபீன் எடுத்த நாட்களில் தசை கூடுதலாக வேலை செய்தது. அந்த ஊக்கம் நெடுநேரம் நின்றது. மிதமான அளவில், பின்னர் உடம்பு கடனைத் திருப்பிக் கேட்பது போன்ற தளர்ச்சி தென்படவில்லை. எனவே கஃபீன் களைப்பை வெறுமனே மூடி மறைக்கவில்லை, உண்மையாகவே குறைக்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். அளவு மிஞ்சினால் கதை மாறும், சிறிது நேர எழுச்சிக்குப் பின் களைப்பு முன்னரைவிட வேகமாக வரும் என்றும் எச்சரித்தார். மதுவைப் பொறுத்தவரை, சிறிய அளவு தசையின் வேலையைக் கூட்டுகிறது என்பதற்கு அவருக்குச் சான்று கிடைக்கவில்லை. உடம்பு வலிக்கு என்று சொல்லிப் பின்னேரம் ஊற்றிக் கொள்பவர்கள் நம் தோட்டங்களிலும் நகரங்களிலும் இருக்கிறார்கள். அந்தத் தெம்பு எங்கிருந்து வருவதாக நினைக்கிறோம் என்பதை நூறு வருடத்துக்கு முன்பே ஒருவர் கேட்டுவைத்தார். இவை 1906இல் அவர் ஆற்றிய குரூனியன் சொற்பொழிவுகளின் விரிவாக 1908இல் நூலாக வந்தன.

பிந்திய ஆய்வுகள் அவரைப் பெருமளவு சரியென்றே காட்டியிருக்கின்றன. ஆனால் காரணத்தைத் தசையைவிட மூளையிலும் நரம்பிலும்தான் கூடுதலாகக் கண்டிருக்கின்றன. விழித்து உழைக்கும்போது மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. அது தன் ஏற்பிகளில் போய் அமரும்போது சோர்வை உணர்கிறோம். கஃபீன் அந்த ஆசனங்களில் முந்தி உட்கார்ந்துகொள்கிறது. அதே எடை, அதே ஏற்றம், ஆனால் பாரம் குறைவாகத் தோன்றுகிறது. விளையாட்டு வீரர்களில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 3 முதல் 6 மில்லிகிராம் வரை கொடுத்துப் பார்க்கும்போது தாக்குப்பிடிக்கும் ஆற்றல் கூடுகிறது. ஒரு காலத்தில் அளவு மிஞ்சினால் தடை செய்யப்பட்ட ஊக்கப்பொருளாக இருந்த கஃபீன் 2004இல் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 45 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இந்தக் கணக்கின் கீழ் எல்லை 135 மில்லிகிராம். சாயம் கூடிய மூன்று கோப்பைத் தேநீரில் ஏறக்குறைய அவ்வளவு வந்துவிடும். பேரட்டுக்கு ஒன்று, மலையில் ஒன்று, இறங்கியதும் ஒன்று என்ற கணக்கு ஒரே நேரத்தில் அந்த அளவைத் தருவதில்லை. ஆனாலும் அது வெறும் நம்பிக்கை அல்ல.

பலத்தைக் கூட்டுவது ஒன்று, பிடியைக் காப்பது வேறொன்று. இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் மட்டும் நுள்ளி எடுக்கும் விரலுக்குப் பலத்தைவிட நிதானம் வேண்டும். பழக்கமில்லாதவரோ வெறுவயிற்றில் கூடுதலாகக் குடிப்பவரோ கை நடுங்குவதை உணரலாம். பின்னேரம் குடித்ததில் பாதியளவு ஐந்து மணித்தியாலத்துக்குப் பின்னும் இரத்தத்தில் நிற்பதால் நித்திரை கெடும். கர்ப்பிணிகளின் உடலில் அது இன்னும் மெதுவாகவே குறையும். சோற்றோடு சேர்த்துக் குடிக்கும் தேநீர் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு உறிஞ்சுவதைக் குறைக்கிறது. சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணித்தியாலம் விடுவது நல்லது. இரத்தச்சோகை உள்ள பெண்ணுக்குக் களைப்பு வந்தால் அதற்குத் தேத்தண்ணி மருந்தாகாது. அலுப்புத் தெரியாமல் போவது நல்லதுதான். தெரியவேண்டிய அலுப்பும் சில வேளைகளில் தெரியாமல் போய்விடுகிறது என்பதுதான் சிக்கல். இந்த இடத்தில் ரிவர்ஸின் முடிவைச் சற்றுக் கவனமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

1914இல் போர் வந்தது. 1915இல் லிவர்பூலுக்கு அருகே மகல் வைத்தியசாலையிலும், 1916இலிருந்து எடின்பரோவின் கிரெய்க்லொக்கார்ட் இராணுவ வைத்தியசாலையிலும் ரிவர்ஸ் வேலை செய்தார். மகலில் சாதாரண சிப்பாய்கள். அவர்களுக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது, கால் அசையவில்லை, கை இறுகிப்போயிருந்தது. நரம்பிலும் தசையிலும் காயம் இல்லை. கிரெய்க்லொக்கார்ட்டில் அதிகாரிகள். அவர்களிடம் பதற்றமும் கெட்ட கனவுகளும் கூடுதலாக இருந்தன. நினைத்ததைச் சொல்ல அனுமதி இல்லாதவனின் உடம்பு வாயடைத்துப் போகிறது, பயத்தை மறைத்துப் பிறரை வழிநடத்த வேண்டியவனின் மனம் இராத்திரியில் உடைகிறது என்ற வகையில் அவர் இந்த வித்தியாசத்தை விளங்கிக்கொண்டார். திக்குவாயோடு வளர்ந்தவருக்கு வாயடைத்துப்போன சிப்பாய் ஏமாற்றுக்காரனாகத் தெரியவில்லை. அதே நாட்களில் இலண்டனில் பேச்சிழந்தவர்களின் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சிப் பேசவைத்த வைத்தியரும் இருந்தார்.

அன்று நோயாளிகளுக்கு வழக்கமாகச் சொல்லப்பட்ட புத்திமதி, நடந்ததை மறந்துவிடு என்பதுதான். பகலில் மறக்க முயன்றவர்களிடம் இரவில் அது திரும்பி வந்ததை ரிவர்ஸ் கண்டார். 1917 இறுதியில் வாசித்து 1918இல் வெளியான கட்டுரையில், நினைவை அடித்துத் துரத்தவும் வேண்டாம், எந்நேரமும் அதிலேயே கிடக்கவும் வேண்டாம், பேசி, தாங்கக்கூடிய ஒன்றாக அதை மாற்றவேண்டும் என்று எழுதினார். நண்பனின் சிதைந்த உடலைக் கண்ட ஓர் அதிகாரியிடம், அவ்வளவு சிதைந்திருந்ததால் அந்த மரணம் கணப்பொழுதில், வேதனை தெரியாமல் வந்திருக்க வேண்டும் என்பதை எடுத்துக்காட்டினார். அந்த அதிகாரியின் கனவுகள் மாறத் தொடங்கின. எந்த வகையிலும் தாங்கக்கூடியதாக்க முடியாத நினைவோடு வந்த இன்னொருவருக்குத் தன்னால் எதுவும் செய்ய முடியாமற்போனதையும் அதே கட்டுரையில் பதிந்தார். இந்த இரண்டாவது மனிதரை மறைக்காமல் எழுதியதற்காகவே எனக்கு ரிவர்ஸில் மதிப்பு.

ஊவாவுக்கு இவை தூரத்துச் செய்திகள் அல்ல. 1977இலும் 1983இலும் தாக்கப்பட்டு மலையை விட்டு வன்னிக்குப் போனவர்கள் 2009 வரை அங்கே நடந்த எல்லாவற்றையும் அனுபவித்தார்கள். பண்டாரவளைக்குப் பக்கத்தில், பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி தமிழ் இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். மறந்துவிடு என்ற புத்திமதி நமக்கும் பல வாய்களிலிருந்து வந்திருக்கிறது. சொல்பவர் யார், ஏன் சொல்கிறார் என்பதும் அதோடு சேர்ந்தே வருகிறது.

ரிவர்ஸின் சிகிச்சையிலும் அந்த முள் இருந்தது. அவர் இராணுவச் சீருடை அணிந்த கப்டன். குணமான அதிகாரி திரும்பப் போகவேண்டிய இடம் போர்முனை. 1917 யூலையில், போரைப் பகிரங்கமாக எதிர்த்த கவிஞர் சீக்ஃபிரீட் சசூனை நோயாளி என்று சொல்லி அவரிடம் அனுப்பினார்கள். சசூனுக்குப் பைத்தியம் இல்லை என்பது ரிவர்ஸுக்கு விளங்கியது. ஆனாலும் பேசிப் பேசி, அந்த ஆண்டு நவம்பரில் அவர் கடமைக்குத் திரும்பச் சம்மதிக்கும் வரை கொண்டுவந்தார். 1918இல் சசூன் தலையில் காயப்பட்டார், உயிர் தப்பினார். இந்த மனப்போராட்டத்தை ரிவர்ஸ் தன் சொந்தக் கனவுகளிலேயே தேடிப் பார்த்தார். அந்த நூல் அவர் இறந்த பின் 1923இல் வந்தது. களைத்த விரலை இன்னும் நாலு தடவை தூக்கவைக்கும் கஃபீனுக்கும், உடைந்த மனிதனைத் தேற்றித் திருப்பி அனுப்பும் வைத்தியருக்கும் வேலை கொடுப்பவர் சில வேளை ஒருவரே. அதை அவர் உணர்ந்திருந்தார் என்பதற்கு அந்தக் கனவுகளே சாட்சி.

போருக்குப் பின் அவரிடம் மாற்றம் தெரிந்தது. கூச்ச சுபாவம் குறைந்தது. சீக்கிரம் களைத்துவிடும் மனிதர் கல்லூரியில் கதவைத் திறந்துவைத்து மாணவர்களோடு மணிக்கணக்கில் பேசினார். மெலனேசியத் தீவுகளில் சனத்தொகை குறைந்துகொண்டே போவது பற்றி 1922இல் ஒரு நூலைத் தொகுத்தார். நோய்களோடு, குவீன்ஸ்லாந்து, பிஜி தோட்டங்களுக்கு ஆட்களைப் பிடித்துச் சென்றதையும் அழிவுக்குக் காரணமாக அவர் சுட்டினார். எல்லாவற்றுக்கும் மேலாக, தங்கள் வழக்கங்கள் பறிக்கப்பட்டபோது அந்த மக்களுக்கு வாழ்வதிலேயே ஆர்வம் அற்றுப்போனது என்றார். ஆர்வம் என்ற இந்தச் சொல், 1906இல் விரலோடு எடை கட்டி அளந்தபோது அவர் சந்தித்த அதே சொல். அன்று பரிசோதனையைக் கெடுக்கும் ஒன்றாக அதை ஒதுக்கி வைத்தார். பதினைந்து ஆண்டுகள் கழித்து, ஒரு சமூகம் பிழைப்பதும் அழிவதும் அதில் தங்கியிருக்கலாம் என்ற இடத்துக்கு வந்திருந்தார். பிஜிக்குப் போன கப்பல்களில் தமிழரும் இருந்தார்கள் என்பதை இங்கே நினைவுபடுத்த வேண்டியதில்லை.

1922இல் இலண்டன் பல்கலைக்கழகத் தொகுதியில் தொழிற்கட்சி வேட்பாளராக நிற்க ஒப்புக்கொண்டார். அரசியல் அவருக்குப் பழக்கமான இடம் அல்ல. ஆனால் காலம் இருக்கும் நிலையில் ஒதுங்கி இருக்க முடியாது என்று கருதினார். தேர்தல் வரை அவர் இருக்கவில்லை. யூன் மாத விடுமுறை நாட்களில், ஆட்கள் அதிகமில்லாத கல்லூரியில், இரவில் குடலிறக்கம் முறுகிக் கடும் வலி வந்தது. கண்டுபிடித்துச் சத்திரசிகிச்சை செய்யும்போது நேரம் கடந்துவிட்டது. யூன் 4ஆம் திகதி இறந்தார். வயது 58. அந்த நவம்பரில் அவரது இடத்தில் தொழிற்கட்சிக்காக நின்றவர் எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ். தோற்றுப்போனார்.